டாக்டர் மட் படம் பார்த்தவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்க அதிபர் லிங்கனைச் சுட்டவனின் உடைந்த காலுக்குக் கட்டுப் போட்டு, ஜெயிலுக்குப் போன ஒரு டாக்டரின் கதை 'தி ஆர்டீல் ஆஃப் டாக்டர் மட்'. இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லி நான் யாரிடம் சொன்னாலும், பார்த்து முடித்த கையோடு போன் வந்துவிடும். கேட்பது வேறு வேறு ஆட்கள், கேள்விகள் மட்டும் அதேதான். "பாவம், காலுக்குக் கட்டுப் போட்டதற்கா ஜெயில்?" என்பதில் ஆரம்பித்து "அப்போ அவர் பொய் சொன்னாரா?" என்பது வரைக்கும் போகும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

இது எந்தக் காலத்துப் படம்? தியேட்டரில் வந்ததா?

தியேட்டர் படம் இல்லை, தொலைக்காட்சிக்காக எடுத்தது. அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1980 மார்ச் மாதம் ஒளிபரப்பானது. இயக்கியவர் பால் வெண்ட்கோஸ். டாக்டராக நடித்தவர் டென்னிஸ் வீவர். ஸ்பீல்பெர்க்கின் 'டூயல்' படத்தில் லாரி துரத்தும் கார்க்காரராக வருவாரே, அவரேதான். மனைவி பிரான்சஸாக சூசன் சல்லிவன்.

இதே கதையை 1936-இலேயே ஜான் ஃபோர்டு 'தி பிரிசனர் ஆஃப் ஷார்க் ஐலண்ட்' என்று சினிமாவாக எடுத்துவிட்டார். அதுவும் நல்ல படம்தான், ஆனால் வரலாற்றைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கும். இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால் 1980-ஐயே பாருங்கள்.

கதை நிஜமா, கற்பனையா?

நிஜம். டாக்டர் சாமுவேல் அலெக்சாண்டர் மட் 1833-இல் மேரிலாந்து மாநிலத்தின் சார்லஸ் கவுண்டியில் பிறந்தவர். பால்டிமோரில் மருத்துவம் படித்து 1856-இல் பட்டம் வாங்கினார். மறு வருடம் பிரான்சஸ் டையரைக் கல்யாணம் செய்துகொண்டார். வைத்தியம், புகையிலை விவசாயம் இரண்டும் பார்த்து வந்தார். 1865 ஏப்ரலில் அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் கொல்லப்பட்ட வழக்கில் கைதாகி ஆயுள் தண்டனை பெற்றார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அவர் அடிமைகளை வைத்திருந்தவர். அடிமை முறை ஒழியக்கூடாது என்று நினைத்த தெற்கத்தி ஆதரவாளர், அதாவது அப்போதைய உள்நாட்டுப் போரில் வடக்கை எதிர்த்து நின்ற தென் மாநிலங்களின் பக்கம். மேரிலாந்து 1864 நவம்பரில் அடிமை முறையை ஒழித்தபோது அவருடைய பண்ணைப் பிழைப்பே ஆட்டம் கண்டது. விசாரணையில் அவருடைய முன்னாள் அடிமை எல்ஸி எக்லண்ட், சொன்ன பேச்சைக் கேட்காததற்காக டாக்டர் தன்னைக் காலில் சுட்டார் என்று சாட்சி சொன்னார். உடைந்த காலுக்குக் கட்டுப் போட்டவர் என்று நாம் உருகும் அதே மனிதரைப் பற்றிய சாட்சியம் இது. படம் தரும் சித்திரத்தோடு இதையும் சேர்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி என்னதான் நடந்தது? படத்தில் வேகமாகப் போய்விட்டது.

1865 ஏப்ரல் 14, புனித வெள்ளி. வாஷிங்டனில் ஃபோர்டு நாடக அரங்கில் லிங்கனைச் சுட்டவர் ஜான் வில்க்ஸ் பூத் என்ற பிரபல நடிகர். சுட்டுவிட்டு மேடையில் குதித்துத் தப்பினார். இடது காலில் கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்திருந்தது. குதித்ததில் முறிந்ததா, பிறகு குதிரையோடு விழுந்ததிலா என்று இன்றைக்கும் வாதம் நடக்கிறது.

விடிகாலை நான்கு மணிக்கு பூத்தும் கூட்டாளி டேவிட் ஹெரால்டும் மட்டின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீங்கிய காலிலிருந்து பூட்ஸைக் கழற்ற முடியவில்லை. டாக்டர் அதைக் கத்தியால் கீறி எடுத்தார், தடித்த காகித அட்டையை வைத்துக் கட்டுப் போட்டார், மாடியில் படுக்க வைத்தார். பண்ணை ஆள் ஊன்றுகோல் செய்து கொடுத்தார். நோயாளி ரேசர் கேட்டு வாங்கி மீசையை வழித்துக்கொண்டார். வைத்தியத்துக்கு 25 டாலர் கொடுத்தார். மதியத்துக்கு மேல் டாக்டர் பக்கத்து ஊரான பிரையன்டவுனுக்குப் போனார். அங்கே குதிரைப் படை நின்றிருந்தது. லிங்கன் கொல்லப்பட்டதும், சுட்டவன் பூத் என்பதும் ஊர் முழுக்கத் தெரிந்திருந்தது. அவர் வீடு திரும்பினார். அன்று சாயங்காலமே இருவரும் கிளம்பிப் போய்விட்டார்கள்.

கால் உடைந்தவனுக்குக் கட்டுப் போடுவது டாக்டர் கடமை இல்லையா? அதற்கா ஆயுள் தண்டனை?

எனக்கு அதிகமாக வரும் கேள்வி இதுதான். கட்டுப் போட்டதற்காக அவர் தண்டிக்கப்படவில்லை. பூத்தின் சதியில் அவருக்கும் பங்கு உண்டு, தெரிந்தே அடைக்கலம் கொடுத்தார், தப்பிக்க உதவினார் என்பதுதான் குற்றச்சாட்டு. வலியோடு வாசலில் நிற்பவனுக்கு வைத்தியம் பார்த்ததை அரசுத் தரப்பே பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு முன்னால் என்ன பழக்கம், அதற்குப் பின்னால் ஏன் மௌனம் என்ற இரண்டைத்தான் தோண்டினார்கள்.

அந்த மௌனத்தைப் பார்ப்போம். சனிக்கிழமை மதியமே செய்தி தெரிந்தும், அவர் வாயைத் திறந்தது ஞாயிற்றுக்கிழமை. அன்று ஈஸ்டர். சர்ச்சுக்குப் போனபோது தன் உறவினரான இன்னொரு டாக்டரிடம், ஜார்ஜ் மட்டிடம், வீட்டுக்குச் சந்தேகப்படும்படியான இரண்டு பேர் வந்ததாகச் சொன்னார். ஜார்ஜ் அதைப் படையிடம் சொன்னது திங்கட்கிழமை. வீரர்கள் வந்து விசாரித்தது செவ்வாய்க்கிழமை. பூத்துக்கு அத்தனை நாள் கிடைத்துவிட்டது. குடும்பத்துக்கு ஆபத்து வரும் என்று பயந்தேன் என்பது டாக்டரின் விளக்கம். மனைவியும் சின்னக் குழந்தைகள் நால்வரும் வீட்டில் இருந்தார்கள். அந்தப் பயத்தைப் பொய் என்று என்னால் தள்ள முடியவில்லை.

வந்தவன் யாரென்று தெரியாது என்றாரே, அது உண்மையா?

இந்த இடத்தில் படம் சொல்வதை விட வரலாறு சிக்கலானது. பூத்தை அவருக்கு முன்பே தெரியும். 1864 நவம்பரில் பிரையன்டவுன் சர்ச்சில் இருவரும் அறிமுகமானார்கள். பூத் ஒரு ராத்திரி டாக்டர் வீட்டிலேயே தங்கினார். மறுநாள் பக்கத்துப் பண்ணையில் குதிரை வாங்க டாக்டர்தான் கூடப் போனார். இவ்வளவு ஆன ஐந்து மாதத்தில், பகல் முழுக்கத் தன் வீட்டு மாடியில் படுத்திருந்தவரை அடையாளம் தெரியவில்லை என்றார். முகத்தைச் சால்வையால் மூடியிருந்தார், ஒட்டுத் தாடி வைத்திருந்தார் என்பது அவர் சொன்ன காரணம்.

முதல் விசாரணையில் வந்தவர்களை முன்பின் பார்த்ததில்லை என்றார். வீரர்கள் ஏப்ரல் 21-ஆம் தேதி மறுபடி வந்தபோதுதான் அந்தப் பூட்ஸ் வெளியே வந்தது. உள்பக்கம் 'ஜே. வில்க்ஸ்' என்று எழுதியிருந்தது. அதன் பிறகே நவம்பர் சந்திப்பை ஒப்புக்கொண்டார். அப்போதும் டிசம்பர் சந்திப்பைச் சொல்லவில்லை. 1864 டிசம்பர் 23 அன்று வாஷிங்டனில் பூத்தையும் ஜான் சராட் என்ற தெற்கத்தி ஒற்றரையும் டாக்டர் அறிமுகம் செய்து வைத்தார் என்று விசாரணையில், சராட் வீட்டில் குடியிருந்த லூயிஸ் வைக்மன் சாட்சி சொன்னார். தண்டனை கிடைத்த பிறகு, 1865 ஆகஸ்டில் சிறையிலிருந்து கொடுத்த வாக்குமூலத்தில், அப்படியொரு சந்திப்பு நடந்ததை டாக்டரே ஒப்புக்கொண்டார். சில விவரங்களை மட்டும் மறுத்தார்.

இன்னொன்றும் இருக்கிறது. இந்த வழக்கில் தூக்கிலிடப்பட்ட பூத்தின் கூட்டாளி ஜார்ஜ் அட்ஸராட் கொடுத்த வாக்குமூலம் ஒன்று நூறு வருடத்துக்கு மேல் காணாமல் கிடந்து 1977-இல் கிடைத்தது. லிங்கனைக் கடத்திப் போகும் வழியில் தேவைப்படும் என்று பூத் சாப்பாட்டுச் சாமான்களையும் மதுவையும் முன்கூட்டியே டாக்டர் வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்ததாக அதில் இருக்கிறது. கவனியுங்கள், கடத்தும் திட்டத்துக்கு. பூத்தின் முதல் யோசனை கடத்தல்தான். கொலை கடைசி நேரத்தில் வந்தது. டாக்டருக்குக் கடத்தல் திட்டம் தெரிந்திருந்தாலும் கொலைத் திட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்று பலர் சொல்வது இதை வைத்துத்தான்.

அப்போ படம் பொய் சொல்கிறதா?

பொய் என்று நான் சொல்ல மாட்டேன். படம் டாக்டர் பக்கம் நின்று பேசுகிறது. அவரை ஒன்றும் அறியாத கிராமத்து வைத்தியராகக் காட்டுகிறது. குடும்பத்தார் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த கதை அதுதான். நடந்தது எல்லாவற்றையும் அது சொல்லிவிடவில்லை.

என் ஆதங்கம் வேறு. டாக்டரை அப்பழுக்கில்லாதவராகக் காட்டினால்தான் அவருக்கு நடந்தது அநியாயம் என்று பார்ப்பவர்கள் நம்புவார்கள் என்று படம் எடுத்தவர்கள் நினைத்துவிட்டார்கள். பொய் சொன்ன ஒரு மனிதருக்கும் அநியாயம் நடக்கலாம். அடுத்த பதிலைப் படித்தால் ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று புரியும்.

சாதாரண டாக்டரை எதற்கு ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள்?

என்னைப் பொறுத்தவரை முழு விஷயத்திலும் முக்கியமான கேள்வி இதுதான். வாஷிங்டனில் அப்போது சிவில் நீதிமன்றங்கள் வழக்கம்போல் நடந்துகொண்டிருந்தன. ஜூரி வைத்து விசாரித்திருக்கலாம். ஆனால் லிங்கன்தான் நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதி, தலைநகரில் ராணுவப் பாதுகாப்பு நீடிக்கிறது, எனவே இது போர்க் குற்றம் என்று அரசு வாதாடியது. அட்டர்னி ஜெனரல் ஜேம்ஸ் ஸ்பீடும் அது சரிதான் என்று கருத்துக் கொடுத்தார். ஒன்பது ராணுவ அதிகாரிகள் நீதிபதிகளாக உட்கார்ந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் ஜெனரல் டேவிட் ஹன்டர். எட்டுக் கைதிகள், 350-க்கும் மேற்பட்ட சாட்சிகள், ஏறக்குறைய ஏழு வாரம்.

குற்றவாளி என்று சொல்ல ஒன்பதில் ஐந்து ஓட்டுப் போதும். தூக்குக்கு ஆறு. மேல்முறையீடு கிடையாது, அதிபரிடம் கருணை கேட்கலாம், அவ்வளவுதான். அந்தக் காலச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவர் தனக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறவும் முடியாது. ஏழு வாரமும் டாக்டர் ஒரு வார்த்தை சொல்லாமல் உட்கார்ந்திருந்ததற்கு இதுதான் காரணம். அவருக்காகப் பேசியவர் வக்கீல் தாமஸ் யூவிங். இத்தனைக்கும் யூவிங் வடக்குப் படையில் ஜெனரலாக இருந்தவர். இந்த நீதிமன்றத்துக்கு இவர்களை விசாரிக்க அதிகாரமே இல்லை என்று அவர் வாதாடினார். எடுபடவில்லை.

மறு வருடமே, 1866-இல், மில்லிகன் என்ற வேறொருவரின் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், சிவில் நீதிமன்றங்கள் திறந்திருக்கும் இடத்தில் குடிமக்களை ராணுவ நீதிமன்றத்தில் விசாரிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. யூவிங் சொன்னதும் அதுதானே! அந்தத் தீர்ப்பைக் காட்டி டாக்டர் தரப்பு 1868-இல் விடுதலை கேட்டது. அதிபரைக் கொன்றது ராணுவ சம்பந்தப்பட்ட குற்றம், மில்லிகன் தீர்ப்பு இதற்குப் பொருந்தாது என்று ஃபுளோரிடா நீதிபதி மறுத்துவிட்டார்.

ஒரே ஒரு ஓட்டில் தூக்கிலிருந்து தப்பினாராமே?

அப்படித்தான் சொல்லப்பட்டு வருகிறது. தூக்குக்குத் தேவையான ஆறில் ஒன்று குறைந்தது. நான்கு பேர் தூக்கிலிடப்பட்டது 1865 ஜூலை 7 அன்று. அவர்களில் ஜான் சராட்டின் அம்மா மேரி சராட்டும் ஒருவர், அமெரிக்க மத்திய அரசு தூக்கிலிட்ட முதல் பெண். டாக்டருக்கும் சாமுவேல் ஆர்னால்டு, மைக்கேல் ஓலாக்லன் இருவருக்கும் ஆயுள். நாடக அரங்கில் வேலை பார்த்த எட்மண்ட் ஸ்பாங்லருக்கு ஆறு வருடம்.

அந்தக் கடல் கோட்டை நிஜமான இடமா?

நிஜம்தான். டாக்டரை அடைத்து வைத்திருந்த அந்தக் கோட்டையின் பெயர் ஃபோர்ட் ஜெஃபர்சன். ஃபுளோரிடாவின் கீ வெஸ்டிலிருந்து மேற்கே சுமார் 70 மைல், டிரை டோர்டுகாஸ் தீவுக் கூட்டத்தில் இருக்கிறது. ஒரு கோடியே அறுபது லட்சம் செங்கலில் கட்டியது, ஆனால் முழுசாகக் கட்டி முடிக்கவே இல்லை. 'டிரை' என்றால் வறண்டது. நன்னீர் ஊற்று இல்லாத தீவுகள் என்பதால் அந்தப் பெயர். சுற்றிலும் கடல், குடிக்க மழைத் தண்ணீர்தான். படத்தில் பார்ப்பது அந்த இடமில்லை. ஜார்ஜியா மாநிலத்தில் சவானாவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபோர்ட் புலாஸ்கியில் படமாக்கினார்கள்.

டாக்டரும் மற்ற மூவரும் அடைபட்டிருந்த அறையில் மழை பெய்தால் தண்ணீர் இறங்கும். தரையைக் குடைந்து சின்ன வாய்க்கால் வெட்டி, அதைக் குழியில் சேர விட்டு, வாளியில் மொண்டு வெளியே ஊற்றினார்கள். இதை ஆர்னால்டு பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்.

தப்பிக்கப் பார்த்தாரே, குற்றம் செய்யாதவர் எதற்கு ஓட வேண்டும்?

1865 செப்டம்பர் 25 அன்று, தீவுக்கு வந்த கப்பலில் ஒளிந்துகொண்டார். பிடித்துவிட்டார்கள். அதன் பிறகுதான் கால் விலங்கும் இருட்டறையும். வாழ்நாள் முழுக்க அடைபட்டுக் கிடக்கப் போகிறவர் ஓடப் பார்ப்பதை வைத்துக் குற்றத்தை முடிவு செய்ய முடியாது.

ஆனால் ஏன் அந்த நேரத்தில் என்று கேட்டால், பதில் அவருக்குப் பெருமை சேர்ப்பதாக இல்லை. அப்போதுதான் கோட்டைக் காவலுக்குக் கறுப்பின வீரர்களின் படைப்பிரிவு வந்தது. அவர்கள் கையில் சிக்கிவிடுவோம் என்ற பயத்தைக் கடிதத்தில் அவரே எழுதியிருக்கிறார். அடிமைகளை ஆண்டவரின் பயம் அது. இரண்டாவது கேள்வியில் நான் சொன்னதோடு சேர்த்துப் பாருங்கள்.

மஞ்சள் காய்ச்சல் என்றால் மஞ்சள் காமாலைதானே?

இல்லை, இரண்டும் வேறு. காமாலை என்பது பல நோய்களில் வரும் ஓர் அறிகுறி. மஞ்சள் காய்ச்சல் ஒரு வைரஸ் நோய். அது கல்லீரலைத் தாக்குவதால் கண்ணும் தோலும் மஞ்சளாகும், அதனால் அந்தப் பெயர். முற்றினால் ரத்தம் கலந்து கறுப்பாக வாந்தி வரும். பரப்புவது ஏடிஸ் எகிப்தி கொசு. ஆமாம், நம் ஊரில் டெங்குவைப் பரப்பும் அதே கொசு.

கோட்டையில் இந்தக் காய்ச்சல் பரவிய 1867-இல் இது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்றால் வருகிறது என்று நினைத்தார்கள். கொசுதான் காரணம் என்று கியூபாவில் கார்லோஸ் ஃபின்லே 1881-இல் சொன்னார். வால்டர் ரீட் குழு அதை நிரூபித்தது 1900-இல். மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்திருந்த அந்தக் கோட்டை, கொசுவுக்கு எவ்வளவு வசதியான இடம் என்று யோசித்துப் பாருங்கள்.

காய்ச்சலின்போது அவர் அப்படி என்ன செய்தார்? படத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார்களோ?

இந்தப் பகுதியைக் கூட்டிச் சொல்லத் தேவையே இல்லை. 1867 ஆகஸ்டில் நோய் ஆரம்பித்தது. கோட்டை மருத்துவர் ஜோசப் சிம் ஸ்மித் செப்டம்பர் ஆரம்பத்தில் அதே நோயில் இறந்துபோனார். தீவில் மிஞ்சிய ஒரே டாக்டர், கைதி மட். பொறுப்பை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கீ வெஸ்டிலிருந்து வயதான டாக்டர் ஒயிட்ஹர்ஸ்ட் வந்து சேர்ந்துகொண்டார்.

அவரிடம் மருந்து என்று சொல்லும்படி எதுவும் இல்லை. இன்றைக்குமே இந்த வைரஸைக் கொல்ல மருந்து கிடையாது, தடுப்பூசிதான் உண்டு. வியர்க்க வைப்பது, சூடாகக் கஷாயம் கொடுப்பது, போர்த்தி விடுவது, அவ்வளவுதான். ஆனால் ஒரு நல்ல முடிவு எடுத்தார். அதுவரை நோயாளிகளைச் சின்னப் படகில் ஏற்றி, அலையில் குலுக்கிக்கொண்டு, இரண்டரை மைல் தள்ளியிருந்த மணல் திட்டுக்குக் கொண்டுபோய்ப் போடுவார்கள். போகும் வழியிலேயே பாதி உயிர் போய்விடும். அதை நிறுத்தினார். கோட்டைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். சுமார் 400 பேர் இருந்த தீவில் ஏறக்குறைய 270 பேருக்கு நோய் வந்து, 38 பேர் இறந்தார்கள். கூட அடைபட்டிருந்த ஓலாக்லனும் அதில் ஒருவர். கடைசியில் டாக்டருக்கே காய்ச்சல் வந்தது. அவரைக் கவனித்துக்கொண்டவர்கள் ஆர்னால்டும் ஸ்பாங்லரும்.

பிழைத்த வீரர்கள் கிட்டத்தட்ட 300 பேர் கையெழுத்துப் போட்டு, இவரை விடுதலை செய்யுங்கள் என்று மனு எழுதினார்கள். அவரைக் காவல் காத்தவர்களே எழுதிய மனு அது. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடத்தில் நெஞ்சு கனத்துவிடும்.

மன்னிப்புக் கிடைத்தது என்றால் நிரபராதி என்றுதானே அர்த்தம்?

இல்லை. அதிபர் தரும் மன்னிப்பு தண்டனையை நீக்கும், தீர்ப்பை அழிக்காது. அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் 1869 பிப்ரவரி 8 அன்று மன்னிப்பில் கையெழுத்திட்டார். பிரான்சஸ் நான்கு வருடமாக அலைந்து திரிந்ததன் பலன் அது. சதியில் டாக்டருக்கு எவ்வளவு பங்கு என்பதில் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது என்றும், மஞ்சள் காய்ச்சலின்போது செய்த சேவையையும் ஆணையிலேயே ஜான்சன் குறிப்பிட்டிருந்தார். மார்ச் மாதம் டாக்டர் வீடு திரும்பினார். சில வாரத்தில் ஸ்பாங்லரும் ஆர்னால்டும் விடுதலையானார்கள். பிற்பாடு ஸ்பாங்லர் டாக்டர் வீட்டுக்கே வந்து, சாகும் வரை அவர்களோடு இருந்துவிட்டார். டாக்டர் 1883 ஜனவரியில் 49 வயதில் இறந்தார்.

பேரன் கேஸ் போட்டாராமே, என்ன ஆச்சு?

பேரன் பெயர் ரிச்சர்ட் மட், அவரும் டாக்டர்தான். தாத்தா பெயரிலிருந்த கறையைப் போக்க வாழ்நாள் முழுவதும் போராடினார். அதிபர் ஜிம்மி கார்ட்டர் 1979-இல், தனக்கும் அவர் நிரபராதி என்றே படுகிறது, ஆனால் தீர்ப்பை ரத்து செய்யும் அதிகாரம் தனக்கு இல்லை என்று கடிதம் எழுதினார். படம் வந்தது அதற்கு மறு வருடம். அடுத்து வந்த அதிபர் ரீகனும் ஆதரவாக எழுதினார்.

1992-இல் ராணுவ ஆவணத் திருத்தக் குழு, அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லாததால் தீர்ப்பை ரத்து செய்யலாம் என்று பரிந்துரைத்தது. யூவிங் 1865-இல் சொன்னதை 127 வருடம் கழித்து ராணுவக் குழுவே சொன்னது. ராணுவத் துறை அதை ஏற்கவில்லை. பேரன் நீதிமன்றம் போனார். 2002 மே மாதம் 101 வயதில் அவர் இறந்தார். அதே வருடம் நவம்பரில், வழக்குத் தொடர உரிமையே இல்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. நியாயம் எது என்ற கேள்விக்குள் அது போகவே இல்லை.

ஆங்கிலத்தில் 'ஹிஸ் நேம் இஸ் மட்' என்பது இவரை வைத்து வந்ததா?

இல்லை. பெயர் கெட்டுப் போனவரைச் சொல்லும் அந்த வழக்கு, இவர் பிறப்பதற்கு முன்பே 1820-களில் அச்சில் வந்துவிட்டது. பொருத்தமாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான்.

'தி ஃபியூஜிடிவ்' தொடரில் வரும் டாக்டரும் இவரும் ஒருவரா?

இல்லை. அது கற்பனைப் பாத்திரம். 1954-இல் மனைவியைக் கொன்றதாகத் தண்டிக்கப்பட்டு, 1966-இல் மறு விசாரணையில் விடுதலையான ஓஹையோ டாக்டர் சாம் ஷெப்பர்டின் கதையோடு அதை ஒப்பிடுவார்கள்.

எல்லாம் சரி, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? குற்றவாளியா, இல்லையா?

இரண்டு கேள்வியை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம் என்று நினைக்கிறேன். வந்தவன் பூத் என்று அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நான் நம்புகிறேன். விசாரித்தவர்களிடம் மறைத்தார் என்பதிலும் எனக்குச் சந்தேகமில்லை. கொலைத் திட்டம் அவருக்குத் தெரியும் என்பதற்கு மட்டும் உருப்படியான ஆதாரம் எதையும் நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தேகத்தின் பலன் அவருக்குப் போயிருக்க வேண்டும். அதைக் கொடுக்கக்கூடிய இடம் ஜூரி உட்கார்ந்த சிவில் நீதிமன்றம். அவரை அங்கே நிறுத்தவே இல்லை. அதனால் தவறாகத் தண்டிக்கப்பட்டவர் என்று அவரைச் சொல்வேன். குற்றமே அறியாதவர் என்று சொல்ல மாட்டேன்.

அந்தப் பூட்ஸ் இப்போது எங்கே இருக்கிறது?

வாஷிங்டனில், லிங்கன் சுடப்பட்ட அதே ஃபோர்டு நாடக அரங்கின் அருங்காட்சியகத்தில். தொடை வரை வரும் கறுப்புத் தோல் பூட்ஸ், இடது கால். வலிக்காமல் கழற்றுவதற்காக டாக்டர் கத்தியால் கீறிய நீள வெட்டு அதில் இன்னும் அப்படியே தெரிகிறது.